மூன்றாம் நம்பர் கேசட்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் இப்போது இருக்கும் பெண்கள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். காபி குடித்துக்கொண்டே ஒருத்தி கேட்டாள்: "மேடம், அப்பல்லாம் படம் எடுத்த பிறகு வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாதாமே. படம் வெளுத்துப் போச்சுன்னா என்னதான் செய்வீங்க?"

"திரும்ப எடுப்போம்," என்றேன். இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. திரும்ப எடுப்பது யாராலும் முடியும். எது கெட்டதால் படம் கெட்டது என்று தெரியாமல் திரும்ப எடுத்தால் இரண்டாவதும் அப்படியேதான் வரும். அதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலையில் பாதி. எனக்கு அது நன்றாகவே வந்தது. தன்னடக்கமாகச் சொல்ல வேண்டிய வயதையெல்லாம் தாண்டிவிட்டதால் இதை நேராகவே சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் பயிற்சி முடித்து மதுரையில் அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பயிற்சியில் எலும்புகளின் பெயரும் மெஷின் முடுக்குவதும் சொல்லிக்கொடுத்தார்கள். மதுரை வெயிலைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

படம் கழுவும் இருட்டறை எட்டடிக்குப் பத்தடி. ஒரு சுவரோரம் ஈர மேசை. அதில் படத்தைத் தோன்றவைக்கும் டெவலப்பர் மருந்துத் தொட்டி, அலசும் தண்ணீர், படத்தை நிலைக்கவைக்கும் பிக்ஸர் மருந்துத் தொட்டி, கடைசியாக ஓடும் தண்ணீர். எதிர்ச் சுவரோரம் உலர்ந்த மேசை. அங்கேதான் கேசட்டைத் திறந்து பிலிமை எடுப்போம், புதுப் பிலிம் வைத்து மூடுவோம். கேசட் என்றால் பிலிமை வெளிச்சம் படாமல் வைக்கும் தட்டையான உலோகப் பெட்டி. அதன் உள்ளே இரண்டு பக்கமும் வெள்ளை அட்டை போல ஸ்கிரீன் ஒட்டியிருக்கும். எக்ஸ்ரே பட்டால் அது ஒளிரும். அந்த ஒளிதான் பிலிமில் படத்தைப் பதிக்கிறது. ஈரம் ஈர மேசையைத் தாண்டக் கூடாது என்பது இருட்டறையின் முதல் சட்டம்.

டெவலப்பர் அறுபத்தெட்டு டிகிரி பாரன்ஹீட்டில் இருக்க வேண்டும், பிலிம் ஐந்து நிமிடம் அதில் இருக்க வேண்டும் என்று டப்பாவில் அச்சிட்டிருக்கும். சித்திரை மாதம் எங்கள் குழாய்த் தண்ணீரே தொண்ணூறைத் தாண்டும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் சிவப்பு விளக்கில் பிலிமைத் தூக்கிப் பார்த்து, கறுத்துவிட்டது என்று தோன்றியதும் எடுத்துவிடுவார்கள். ஒரு படம் கரி, அடுத்த படம் சாம்பல். நான் வந்ததும் டெவலப்பர் தொட்டியைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் வெளித்தொட்டியில் ஐஸ் பாளம் போடச் சொன்னேன். இருட்டறை உதவியாளர் காஜா அண்ணன் முதல் நாள் ஐஸை நேராக டெவலப்பருக்குள்ளேயே போட்டுவிட்டார்.

"இம்புட்டுச் சூடு இருக்கு, உள்ள போட்டா சட்டுனு ஆறுமேம்மா," என்றார்.

"ஆறும் அண்ணே. மருந்தும் தண்ணியாப் போயிரும்."

அன்றைக்கு முழுத் தொட்டியையும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கினோம். அதன் பிறகு அவர் ஐஸை வெளியேதான் போட்டார். எத்தனை டிகிரிக்கு எத்தனை நிமிடம் என்று நான் எழுதி ஒட்டிய தாளை ஒரு நாளும் மீறவில்லை. வடக்கு மாசி வீதிப் பக்கம் வீடு. என்னைவிட இருபது வயது மூத்தவர். என்மேல் அவருக்குப் பிரியம் உண்டு.

எங்கள் மேலதிகாரி ரேடியாலஜிஸ்ட் டாக்டர் வரதன். துப்புரவுத் தொழிலாளி முதல் எல்லோரையும் 'நீங்க' என்றே அழைப்பார். குரலை உயர்த்த மாட்டார். படங்களை உட்கார்ந்து பார்க்க மாட்டார். விளக்குப் பெட்டிக்கு முன்னால் நின்றபடி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார். முதலில் ஓரங்களைப் பார்ப்பார், பிறகு நம்பரை, இடமா வலமா என்ற குறியை. அதற்கப்புறம்தான் நெஞ்சோ காலோ. பார்த்து முடித்ததும் மஞ்சள் பென்சிலால் மூலையில் ஒரு எண் எழுதுவார். ஒன்று என்றால் நல்ல படம். இரண்டு என்றால் ஏதோ படிக்கலாம். மூன்று என்றால் மறுபடி எடுக்க வேண்டும். என்ன குறை என்று சொல்லவே மாட்டார். அதை நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் பிற்பகல் படங்களுக்கெல்லாம் மூன்று மூன்றாக விழுந்தது. எல்லாம் வெளிறிய படங்கள். டெவலப்பர் செத்துவிட்டது, மாற்று என்றார்கள் மற்றவர்கள். நான் ஒரு படத்தை ஜன்னல் பக்கம் பிடித்து, உடம்புக்கு வெளியே கறுப்பாக இருக்கும் இடத்துக்குப் பின்னால் என் விரலை வைத்தேன். விரல் தெரியவில்லை. டெவலப்பர் பலவீனம் என்றால் அந்தக் கறுப்பு வெளுத்து விரல் தெரியும். கறுப்பு சரியாக இருந்து, உடம்பு மட்டும் வெள்ளையாக நின்றால் கதிர் போதவில்லை என்று பொருள். மெஷினில் வோல்டேஜ் முள்ளைப் பார்த்தேன். காலையில் சரிசெய்து வைத்த முள், பிற்பகலில் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே கிடந்தது. பின் தெருவில் புதிதாக வந்த எண்ணெய் ஆலை மதியம்தான் மோட்டாரைப் போடுகிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் முள்ளைப் பார்த்துக் குமிழைத் திருப்பிய பிறகே பட்டனை அழுத்தினோம். மறுநாள் பிற்பகல் ஏழு படங்கள். ஏழிலும் டாக்டர் ஒன்று என்று எழுதியிருந்தார்.

இப்படி நான் என் கையை நம்பி நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், ஒரு ஆனி மாதம், கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து பஞ்சவர்ணம் என்ற பெண் வந்தாள். பதினெட்டு வயதிருக்கும். நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. உடல் தகுதிச் சான்றிதழுக்கு நெஞ்சுப் படம் வேண்டும். கூட அவளுடைய அப்பா; விவசாயி. சலவைச் சட்டை போட்டு, கழுத்துப் பித்தான் வரை பூட்டியிருந்தார்.

படம் நன்றாக வந்தது. ஆனால் வலது நுரையீரலின் மேல்பகுதியில், இரண்டாம் விலா எலும்புக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒரு மங்கலான வெண்ணிழல். அந்த இடத்தில் அப்படி ஒரு நிழல் என்றால் எங்கள் ஊரில் எல்லோர் மனதிலும் முதலில் வருவது காசநோய்தான். டாக்டர் வெகுநேரம் நின்று பார்த்தார். "இன்னொரு படம் எடுங்க சாரதா," என்றார்.

எடுத்தேன். இரண்டாவதிலும் நிழல் இருந்தது.

வெளியே பெஞ்சில் இருந்த அவள் அப்பா என் முகத்தைப் பார்த்தே எழுந்துவிட்டார். "என்னாங்கம்மா, புள்ளைக்கு எதும் கோளாறா? நாலு மைல் சைக்கிள்ல பள்ளிக்கூடம் போன புள்ள. ஒருநா மூச்சு வாங்குனதில்ல, இருமுனதில்ல."

"டாக்டர் பாக்குறாரு. கொஞ்சம் இருங்க."

"காசம்னு எழுதிட்டா இடமும் போயிரும், ஊருக்குள்ள கல்யாணமும் ஆகாதும்மா," என்றார் மெல்ல. பஞ்சவர்ணம் தாவணித் தலைப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து விளக்கில் பிடித்தேன். முதல் படத்துக்கு அவள் நிமிர்ந்து நின்றிருந்தாள். இரண்டாவதில் பயத்தில் கொஞ்சம் தாழ்ந்துவிட்டிருந்தாள். அதனால் விலா எலும்புகள் இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தன. நிழல் இறங்கவில்லை. முதல் படத்தில் இரண்டாம் விலாவுக்குக் கீழே இருந்தது, இரண்டாவதில் அதற்கு மேலே இருந்தது. பிலிமின் ஓரத்திலிருந்து அளந்து பார்த்தேன். இரண்டிலும் ஒரே தூரம். நிழல் அவள் உடம்போடு நகரவில்லை, பிலிமோடு நின்றுவிட்டது. இரண்டு படங்களின் மூலையிலும் கேசட்டில் பதித்திருக்கும் ஈய எண் நிழலாக விழுந்திருந்தது. மூன்று.

இருட்டறையில் வெள்ளை விளக்கைப் போட்டு மூன்றாம் நம்பர் கேசட்டைத் திறந்தேன். ஒரு பக்க ஸ்கிரீனில் வெளிர்பழுப்பாக ஒரு கறை. அது ஒளியை மறைத்த இடத்தில்தான் பிலிம் கறுக்காமல் வெள்ளையாக நின்றிருக்கிறது. மறுபக்க ஸ்கிரீன் சுத்தமாக இருந்து பாதி ஒளியைக் கொடுத்ததால், அது பளிச்சென்ற புள்ளியாக விழாமல், நோய் போலவே மங்கலாக விழுந்திருக்கிறது.

அந்தக் கறை எப்படி வந்தது என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்தது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் கை கால் முறிந்து வந்தவர்களுக்கு நாள் முழுக்கப் படம் எடுத்த தினம். காஜா அண்ணன் ஐஸ் வாங்கப் போயிருந்தார். அவசரத்தில் நான் ஒரு கையில் டெவலப்பர் சொட்டும் பிலிமைப் பிடித்தபடி, மறுகையால் உலர்ந்த மேசையில் திறந்து கிடந்த கேசட்டை மூடப் போனேன். ஒரு சொட்டு விழுந்தது. முந்தானையால் ஒற்றினேன். சோப்புப் பஞ்சால் துடைத்து, உலர்த்தி, பிறகு ஆள் இல்லாமல் ஒரு வெற்றுப் படம் எடுத்துச் சரிபார்த்திருக்க வேண்டும். அப்புறம் செய்யலாம் என்று மூடி வைத்தேன். அந்த அப்புறம் வரவேயில்லை.

பின்னால் வந்து நின்ற காஜா அண்ணன் கறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சொல்லாமலே புரிந்துகொண்டார்.

"இதுல என்னம்மா இருக்கு. நான் துடைச்சு வச்சிர்றேன். அந்தப் புள்ளைய ஒண்ணாம் நம்பர்ல ஒரு படம் எடு. சுத்தமா வரும். டாக்டர்ட்ட, மொதப் படத்துல சடையோட நெழல் விழுந்துருச்சுன்னு சொல்லிரலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

அவர் சொன்னது நடக்கக்கூடிய காரியம்தான். பஞ்சவர்ணத்துக்கு அது போதும். ஆனால் சித்திரையிலிருந்து ஆனி வரை அந்தக் கேசட்டில் எடுத்த படங்கள்? அவை வெளியே போய்விட்டன.

"வேண்டாம் அண்ணே," என்று கேசட்டைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன்.

"சார், நிழல் அந்தப் பொண்ணுகிட்ட இல்ல. இதுல இருக்கு. நான் பண்ணுனது."

டாக்டர் கறையைப் பார்த்தார். "எப்ப?"

"சித்திரைத் திருவிழா சமயம்."

"தெரிஞ்சும் சொல்லலையா?"

"சொட்டு விழுந்தது தெரியும் சார். கறை நின்னது தெரியாது. பாத்திருக்கணும். பாக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "முதல்ல அந்தப் பொண்ணை வேற கேசட்ல எடுங்க. அவங்களைக் காக்க வைக்காதீங்க. அப்புறம் ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்துட்டு வாங்க."

ஒன்றாம் நம்பரில் எடுத்த படத்தில் பஞ்சவர்ணத்தின் நெஞ்சு கண்ணாடி போல இருந்தது. சான்றிதழை வாங்கிக்கொண்டு அவள் அப்பா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை வாங்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்று அவருக்குத் தெரியாது.

பிறகு நானும் டாக்டரும் ரிப்போர்ட் புத்தகத்தின் நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். சித்திரைக்குப் பிறகு, வலது மேல்பகுதியில் நிழல் என்று மூன்று பேருக்கு எழுதியிருந்தது. இரண்டு பேருக்கு இரண்டு நுரையீரலிலும் நோய் பரவியிருந்தது, சளியிலும் கிருமி இருந்தது, சந்தேகமில்லை. மூன்றாமவர் பரமசிவம், திருப்பரங்குன்றத்தில் தையல் கடை. மூன்று வார இருமல். சளியில் கிருமி இல்லை. படத்தை வைத்துத்தான் அவருடைய டாக்டர் காசநோய் ஊசி தொடங்கியிருக்கிறார்.

"கையெழுத்து என்னோடது," என்றார் டாக்டர் வரதன், அந்தப் பக்கத்தின் மேல் விரலை வைத்தபடி. "அவருக்கு ஒரு கடிதம் எழுதுறேன்."

"கடிதம் போய்ச் சேர்றதுக்குள்ள இன்னும் எத்தனை ஊசி போடுவாங்களோ சார். நான் நேர்ல போயிட்டு வாரேன்."

மறுநாள் காலை பஸ்ஸில் போனேன். கடை பூட்டியிருந்தது. பக்கத்தில் பூ விற்ற அம்மாள் பின் தெருவைக் காட்டினார். "கிட்டப் போயிறாத தாயி, அவருக்குச் சீக்கு," என்று எச்சரிக்கையும் செய்தார்.

பரமசிவத்துக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வீட்டில் தனியாக இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டார். படத்தை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். மூலையில் கேசட் எண் மூன்று. அதே ஓரத்திலிருந்து அதே தூரத்தில் அதே நிழல்.

"அண்ணே, உங்களுக்கு நோய் இல்லாமலே இருக்கலாம். இன்னொரு படம் எடுத்தா உறுதியாத் தெரிஞ்சிரும். இப்பவே வாங்க," என்று, கறை விழுந்த கதையை ஒளிக்காமல் சொன்னேன்.

அவர் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. "சத்தமாச் சொல்லுங்க," என்றார். "ஊசி போட ஆரம்பிச்சதுல இருந்து காதுக்குள்ள வண்டு கத்துது."

அந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரியும். மறுபடி முதலிலிருந்து சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று இன்னும் சத்தமாகவே சொன்னேன்.

அன்று பிற்பகல் அவருக்கு நேராக ஒன்று, சாய்ந்து நின்றபடி ஒன்று என இரண்டு படங்கள் எடுத்தேன். டாக்டர் வரதன் ஈரம் காயும் முன்பே பார்த்தார். இரண்டும் சுத்தம். அங்கிருந்தே பரமசிவத்தின் டாக்டருக்குப் போன் செய்து பேசினார். ஊசி அன்றோடு நின்றது. பிறகு பரமசிவத்தைத் தன் அறையில் உட்கார வைத்து, "தப்பு எங்களோடது," என்று தெளிவாகச் சொன்னார். நானும் அங்கே நின்றேன்.

பரமசிவம் எழுந்தே விட்டார். "அப்ப நாப்பது ஊசி? சும்மாவா சார் குத்துனீக? தனித் தட்டு, தனி டம்ளர்னு நாய் மாதிரி இருந்தேனே, அம்புட்டும் ஒரு சொட்டுத் தண்ணிக்காகவா?" அவர் மறுபடி உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "எம் புள்ளைய நான் இன்னும் தூக்கல. கோச்சடையில மாமியா வீட்டுல பெறந்துச்சு. வாசல்ல நின்னு பாத்துட்டு வந்தேன்." பிறகு என்னைப் பார்த்தார். "நான் சொன்னா நம்ப மாட்டாக. நீங்க வந்து சொல்லுங்க."

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

நானும் பரமசிவமும் அப்போதே கோச்சடை பஸ் ஏறினோம். வீட்டை நெருங்கியதும் அவருடைய மாமியார் வாசலுக்கு வந்து, "அங்கனயே நில்லுங்க மாப்ள," என்றார். பரமசிவம் பழக்கப்பட்டவர் போல நின்றுவிட்டார்.

நான் போய் இரண்டு படங்களையும் சாயங்கால வெயிலில் அருகருகே பிடித்துக் காட்டினேன். இது பழசு, இது புதுசு, இந்த நிழல் எங்கள் படப் பெட்டியில் இருந்த கறை, அதைச் சிந்தியது நான் என்றேன். அந்த அம்மாள் படத்தைவிட என் முகத்தையே அதிகம் பார்த்தார்.

"கறைங்கிற. சிந்துனா துடைக்கிறதில்லையா?"

"துடைச்சேன்மா. சரியாத் துடைக்கல."

அவர் நம்பவில்லை. மகளைக் காப்பாற்ற நினைக்கிறவர், ஏன் நம்ப வேண்டும்? அப்போது உள்ளேயிருந்து பரமசிவத்தின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து, கதவோரமாகத் தனியாக வைத்திருந்த ஒரு டம்ளரில் ஊற்றி, வாசல்படியில் வைத்துவிட்டு விலகினாள். பரமசிவம் எடுத்து வாய் வைத்துப் பாதி குடித்தார். நான் அவர் கையிலிருந்து அந்த டம்ளரை வாங்கி மீதியைக் குடித்தேன். யோசித்துச் செய்யவில்லை. வீட்டில் எனக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். சந்தேகம் ஒரு துளி இருந்தாலும் நான் குடித்திருக்க மாட்டேன். என் படத்தின்மேல் எனக்கு அவ்வளவு நிச்சயம்.

அந்த அம்மாள் வெறும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே திரும்பி, "குடுடி, அப்பன் கையில குடு," என்றார்.

பரமசிவம் இரண்டு கைகளையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார். நின்றபடி வாங்கப் பயந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்ததும் அதன் தலையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் மனைவியைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டே சொல்லிக்கொடுத்தாள்.

அவர் காதின் இரைச்சல் பல மாதம் கழித்துக் குறைந்தது. இடது காதில் முழுதாகப் போகவேயில்லை. அதை நான் மறக்கவில்லை. எனக்கு மெமோ வந்தது. டாக்டர் வரதனே கையெழுத்திட்டிருந்தார். அது நியாயம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த வாரமே ஒவ்வொரு கேசட்டையும் திங்கட்கிழமை காலை திறந்து, துடைத்து, வெற்றுப் படம் எடுத்து, அவர் மேசைக்கு அனுப்பும் முறையைத் தொடங்கினேன். அவர் அதிலும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டார்.

ஆனால் அன்றைக்குக் கோச்சடையில், நான் விடைபெற்றுத் தெருவில் பத்தடி நடந்திருப்பேன். அந்த அம்மாள் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"ஏம்மா! இனிமேயாச்சும் நல்லாத் துடை."

"துடைக்கிறேம்மா," என்றேன்.

ஓய்வு பெற்ற நாள் வரை துடைத்தேன்.